மதுரை நாயக்கர் எஃப்.சி.

திருச்சியில் இருந்தபோது திருமலை நாயக்கருக்குச் சளி பிடித்தது. கஷாயத்துக்கு அடங்குகிற சளி இல்லை, வைத்தியர்கள் கைவிரித்த மண்டைச்சளி. மதுரையின் வரலாறு ஒரு மூக்கொழுகலில் திரும்பியது என்று பாடப்புத்தகத்தில் எழுத மாட்டார்கள். பழைய சுவடிக் கதைகள் அப்படித்தான் சொல்கின்றன. மதுரைக்குப் போகிற வழியில் திண்டுக்கல்லில் கூடாரம் அடித்துத் தூங்கினாராம். கனவில் மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து, மதுரையிலேயே குடியிருந்தால் நோய் தீரும் என்றார்களாம். காலையில் பல் துலக்கும்போது மொத்தச் சளியும் வெளியே வந்து விழுந்தது. அந்த நிமிஷமே கோயில் திருப்பணிக்கு 5 லட்சம் பொன் என்று நேர்ந்துகொண்டார் நாயக்கர்.

வாய் கொப்பளிப்பதற்குள் 5 லட்சம் பொன் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆளை இந்தக் காலத்தில் பார்க்க வேண்டுமானால் கால்பந்து கிளப் முதலாளிகளிடம்தான் பார்க்கலாம். அவர்களுக்கும் இதே சங்கடம்தான். கையில் இருக்கிற பணத்தில் மைதானம் கட்டலாம், இல்லையென்றால் ஆட்டக்காரர்களை வாங்கலாம். இரண்டும் சேர்த்துச் செய்யலாம் என்று சொல்கிற கணக்குப்பிள்ளையை நம்பக் கூடாது. லண்டனில் ஆர்சனல் 2006-ல் எமிரேட்ஸ் என்ற பளபளப்பான அரங்கத்துக்குக் குடிபோனது. 2007-ல் ஹென்றியை விற்றார்கள், 2011-ல் ஃபாப்ரிகாஸ் போனார், 2012-ல் வான் பெர்சி பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 2005-ல் தூக்கிய கோப்பைக்கு அடுத்த கோப்பை 2014-ல்தான் வந்தது. நடுவில் ரசிகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் உட்கார நல்ல நாற்காலி.

இந்தக் கூத்தை மதுரை 370 வருஷங்களுக்கு முன்பே ஆடிப் பார்த்துவிட்டது. அதுவும் தோற்றால் மூக்கு போகிற ஆட்டம்.

கிளப்பின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மதுரை அணியைத் தொடங்கியவர் விசுவநாத நாயக்கர், 1529-ல். தாய்ச் சங்கம் விஜயநகரம். வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும், அதற்குக் கப்பம் என்று பெயர். விசுவநாதருக்கு மேலாளராக வாய்த்த அரியநாத முதலியார் பெரிய மூளைக்காரர். மைதானம் பளபளப்பாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, 72 பாளையக்காரர்களை ஒப்பந்தம் செய்தார். மதுரைக் கோட்டையில் 72 கொத்தளம், ஆளுக்கொன்று காவல். வசூலில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி ஒரு பங்கு பாளையக்காரர் வீட்டுக்கு. கிளப் சம்பளம் கொடுக்கவில்லை, ஆட்டக்காரர்கள் கிளப்புக்குக் கொடுத்தார்கள்! இப்படியொரு ஒப்பந்தத்தை இன்றைய எந்த ஐரோப்பிய கிளப்பிடம் காட்டினாலும் அரியநாதருக்கு வாசலில் சிலை வைப்பார்கள்.

இதற்கிடையில் 1565-ல் தலைக்கோட்டையில் தாய்ச் சங்கம் படுதோல்வி கண்டது. தலைமை அலுவலகம் ஹம்பியை விட்டுப் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தது. முகவரி இல்லாத சங்கத்துக்கு எவன் சந்தா கட்டுவான்?

1623-ல் பொறுப்புக்கு வந்த திருமலை, ஆரம்பத்தில் ஆட்டக்காரர்கள் பக்கம்தான் நின்றார். 30,000 பேர் கொண்ட படை. தளவாய் இராமப்பையன். மைசூர்க்காரர்கள் திண்டுக்கல் வரை வந்தபோது இராமப்பையனும் கன்னிவாடிப் பாளையக்காரரும் சேர்ந்து விரட்டினார்கள். முதல் சில சீசன் அட்டவணையில் மேலே இருந்த அணி இது. பிறகுதான் சளி, கனவு, தலைநகர் மாற்றம். 1636-ல் மகால் என்ற அரண்மனை.

அடுத்து இராமப்பையனும் நாயக்கரும் பேசுகிற உரையாடல் எந்தச் சுவடியிலும் இல்லை, நானே கட்டியது. நடந்திருந்தாலும் தெலுங்கில்தான் நடந்திருக்கும்.

"மகாராஜா, மேற்கு எல்லைக்கு இன்னும் ஆள் வேணும். மைசூர்க்காரன் ஒரு தடவை ருசி பாத்தவன்."

"அதான் விரட்டிட்டீரே ஐயரே. இந்தப் படத்தைப் பாரும். தூண் எப்படி?"

"எத்தனை தூண்?"

"இப்போதைக்கு எரநூத்துச் சொச்சம்."

"அந்தச் செலவுல எத்தனை குதிரை வாங்கலாம்னு மகாராஜா யோசிச்சுப் பாக்கணும்."

"குதிரை செத்துப்போகும் ஐயரே. தூண் சாகுமா?"

இந்த இடத்தில் நாயக்கரைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆளுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கிறது. 72 ஆட்டக்காரர்கள் என்றால் 72 சொந்தக் கடை. ஒவ்வொருவனுக்கும் தனி ஊர், தனிப் படை, தனிக் கோபம். இன்றைக்கு நம் கொத்தளத்தில் நிற்பவன் நாளைக்கு எதிரி கொத்தளத்தில் நிற்கலாம். இராமநாதபுரம் சேதுபதி இரண்டாம் சடைக்கத் தேவரோடு தகராறு வந்து, இராமப்பையன் இராமேசுவரம் வரை படை நடத்தி, கடலுக்குள் பாதை போட்டு, அவரைப் பிடித்து வந்து மதுரைச் சிறையில் போட வேண்டியிருந்தது. அணியின் ஆகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர் சொந்தக் கிளப்பின் சிறையில்! பிறகு அவரை விடுவிக்கவும் வேண்டியிருந்தது. தூணுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. தூணை வேறு கிளப் கூப்பிடாது, சம்பளம் கூட்டிக் கேட்காது, முழங்கால் வலி என்று ஓரமாக உட்காராது.

அப்படிக் கட்டியதுதான் மகால். வெளிநாட்டு கோச் இல்லாமல் எந்தக் கிளப்புக்கும் மரியாதை இல்லை என்பதால், கட்டியவர் ஓர் இத்தாலியர் என்ற பேச்சும் கூடவே நிற்கிறது. சொர்க்க விலாசம் நாயக்கருக்கு, ரங்க விலாசம் தம்பிக்கு. செங்கல்லும் சுண்ணாம்பும்தான்; மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசிய மெருகு. மதுரைக் கோழிகள் செய்த தியாகத்தை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அங்கே ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள், இரண்டு கையும் சேராது. தூண் முழுக்க ஆணியால் கீறிய அம்புக்குறி இதயங்கள். நாயக்கர் பூசிய மெருகு அத்தனை வழுவழுப்பாக இருந்திருக்காவிட்டால் நம் காதலர்களுக்கு இவ்வளவு உற்சாகம் வந்திருக்காது.

அரங்கம் என்றால் குறை சொல்ல ஓர் எதிரணி ரசிகராவது வேண்டும். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தஞ்சாவூரிலிருந்து வந்த ராணி மகாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எங்கப்பா வீட்டுத் தொழுவத்துக்குக்கூடக் காணாது என்கிற மாதிரி ஏதோ சொல்ல, நாயக்கர் கையில் இருந்ததை வீசித் தொடையில் காயம் பண்ணிவிட்டார் என்று கதை. நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் ராணி சிலையின் தொடையில் ஒரு தழும்பைக் காட்டி வழிகாட்டிகள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. உண்மையைச் சொன்ன ஒரே விமரிசகருக்குக் கிடைத்த மரியாதை அது. பக்கத்தில் நாயக்கர் சிலை, தொப்பை எங்கும் குறைக்கப்படாமல் கைகூப்பி நிற்கிறது. தன் சிலையில் தன் தொப்பையை அப்படியே வைக்கவிட்ட ராஜா என்பதற்காக மட்டும் பாதி மன்னிப்புக் கொடுக்கலாம்.

பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பள்ளியறைக் கூரையில் ஓட்டை போட்டு ஒரு திருடன் நகைகளைக் கொண்டுபோய்விட்டான். நாயக்கர், நகையைத் திருப்பிக் கொடுப்பவருக்கு ஜாகீர் என்று அறிவித்தார். திருடன் கையில் மூட்டையோடு வந்து நின்றான். சொன்ன சொல் தவறாத ராஜா ஜாகீரைக் கொடுத்தார். உடனே தலையையும் எடுத்துவிட்டார். இரண்டு ஆவணமும் முறைப்படி.

யாருக்கு மரியாதை அதிகம் என்று தெரிய வேண்டுமானால் வெற்றிலையைப் பார்க்க வேண்டும். புதுமண்டபத்தில் தலைமை ஆசாரி வேலையில் மூழ்கியிருந்தபோது, நாயக்கர் சத்தம் போடாமல் பின்னால் நின்று வெற்றிலை மடித்துக் கொடுத்தாராம். கையாள்தான் கொடுக்கிறான் என்று ஆசாரியும் திரும்பிப் பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொண்டாராம். தளபதிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்ததாக எந்தக் கதையும் என் காதுக்கு எட்டவில்லை.

மகாலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீனாட்சி கோயில் கிழக்கு வாசலுக்கு நேரே புதுமண்டபம். அதற்கும் கிழக்கே ராயகோபுரம். ஊரில் இருக்கிற கோபுரங்களையெல்லாம் குள்ளமாக்கிவிட வேண்டும் என்று அடித்தளம் போட்டார்கள். நிலைக்கால் கல் ஒவ்வொன்றும் ஒரே கல். அதோடு சரி. மேலே ஒரு நிலைகூட எழவில்லை. ஸ்பெயினில் வாலென்சியா கிளப் 2007-ல் ஒரு புது அரங்கத்துக்குக் கடைக்கால் போட்டது. 2009-ல் காசு தீர்ந்தது. காங்கிரீட் எலும்புக்கூடு பதினைந்து வருஷத்துக்கு மேல் மழையில் நனைந்து, 2025-ல்தான் மறுபடி வேலை தொடங்கியது. அந்த ஊர்க்காரர்கள் அவமானப்பட்டார்கள். நாம் அப்படியில்லை, ராயகோபுரத்து அடித்தளத்துக்குள் பாத்திரக்கடை வைத்துவிட்டோம். எவர்சில்வர் அண்டாவும் பித்தளைக் குத்துவிளக்கும் தொங்கிக்கொண்டிருக்க, நடுவில் நாயக்கர் கால யாளி மூச்சுவிட இடமில்லாமல் எட்டிப் பார்க்கும். கட்டி முடிக்காத கோபுரத்தை இந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொண்ட ஊர் வேறு இருக்காது.

செங்கல்லுக்கு மண் தோண்டிய பள்ளத்தையும் வீணாக்கவில்லை. தோண்டும்போது பெரிய பிள்ளையார் கிடைத்தார். மீனாட்சி கோயிலில் முக்குறுணி விநாயகராக உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பள்ளத்துக்குப் படிக்கட்டு கட்டி, நடுவில் மண்டபம் எழுப்பி, 1645-ல் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆக்கினார். சமீப காலம் வரை தெப்பக்குளத்தில் தண்ணீர் இருந்த நாளைவிடக் கிரிக்கெட் நடந்த நாள் அதிகம். ஸ்டம்ப் இல்லாவிட்டால் செருப்பு. மைய மண்டபத்தில் பட்டால் நாலா ஆறா என்று அந்தந்தத் தெரு தீர்மானித்துக்கொள்ளும். ஆக, நாயக்கர் கட்டியதில் உண்மையிலேயே விளையாட்டு மைதானமாகப் பயன்பட்டது இந்தப் பள்ளம் ஒன்றுதான். இப்போது வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டார்கள். கோயிலுக்கு நல்லது. கிரிக்கெட் கோஷ்டிகளுக்கு யாரும் மாற்று இடம் காட்டியதாகத் தெரியவில்லை.

அரங்க வேலை நடந்துகொண்டிருக்க, வேலூரில் இருந்த சங்கத் தலைவர் மூன்றாம் ஸ்ரீரங்கர், பழைய சந்தா பாக்கியைக் கேட்டு வந்தார். நாயக்கர் பாக்கியைக் கட்டவில்லை. களத்தில் இறங்கிச் சண்டை போடவும் இல்லை. வெளியிலிருந்து கோல்கொண்டாவைக் கூப்பிட்டார். கோல்கொண்டா வந்தது, ஸ்ரீரங்கரைக் கவிழ்த்தது, அப்படியே தெற்கே திரும்பியது. பயந்துபோய் பீஜப்பூரைக் கூப்பிட்டார். அவர்களும் வந்தார்கள், வந்தவர்கள் கோல்கொண்டாவோடு கைகுலுக்கிக்கொண்டார்கள். 1649-ல் செஞ்சி பீஜப்பூர் வசமானது. நாயக்கர் ஊருக்குத் திரும்பி, முன்பு ஸ்ரீரங்கருக்குக் கட்டாத கப்பத்தைப் பீஜப்பூருக்குக் கட்டினார். எலி புகுந்தது என்று பாம்பைக் கூப்பிட்டு, பாம்புக்குப் பயந்து கீரியைக் கூப்பிட்டு, கடைசியில் வீட்டை மூன்றும் பங்கு போட்ட கதை. சொந்த அணியை வளர்க்காமல் வாடகை அணியில் ஆட நினைத்தால் இதுதான் நடக்கும். வாடகைக்கு வந்தவன் கோப்பையோடு போவான்.

இப்போது மூக்குக்கு வருவோம். 1656. மைசூரில் கண்டீரவ நரசராஜர். ஸ்ரீரங்கரைக் கவிழ்த்த விவகாரத்தில் நாயக்கர் மீது அவருக்குக் கணக்கு பாக்கி. சத்தியமங்கலம் வழியாகப் படை இறங்கியது. உத்தரவு ஒரே வரி: ஊர் வேண்டாம், பொன் வேண்டாம், மூக்கு கொண்டு வா. ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. மீசைக்காரர் என்றால் மேலுதட்டையும் சேர்த்து. மூக்குக்குத் தக்கபடி பரிசு. அறுத்த மூக்குகள் சாக்குச் சாக்காகப் போயின. திருச்சியில் இருந்த ப்ரோயென்சா என்ற சேசு சபைப் பாதிரியார் 1659-ல் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நமக்கு வாய்த்த நேர்முக வர்ணனையாளர் அவர்தான். இது வேடிக்கையாகச் சொல்கிற விஷயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மூக்கொழுகல் நின்ற சந்தோஷத்தில் மகால் கட்டிய ராஜாவின் குடிமக்களுக்கு மூக்கே போனது என்றால், சரித்திரத்துக்கே ஒரு குரூரமான நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

மைசூர்ப் படை மதுரையை நெருங்கிவிட்டது. நாயக்கருக்கு எழுபதைத் தாண்டிய வயது, படுக்கையில் நோய். அந்தத் தூண்களில் ஒன்றாவது எழுந்து வாளெடுக்குமா? ராணி இராமநாதபுரத்துக்கு ஆளனுப்பினார். இரகுநாத சேதுபதி; முன்பு எந்த வீட்டுக்காரரைச் சிறையில் போட்டார்களோ அதே வீட்டுக்காரர். பழசையெல்லாம் கிளறாமல் மறவர் படையோடு பறந்து வந்தார். நாயக்கரும் மிச்சமிருந்த ஆட்களைத் திரட்டினார்.

இரண்டு படையும் எதிரெதிரே நிற்கின்றன. ஆட்டம் தொடங்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று மதுரைத் தளபதி நாள் தள்ளிக்கொண்டே போகிறார். காரணம், மைசூர்ப் பணம் அவர் மடியில். ஆம், மேட்ச் ஃபிக்சிங். நமக்குக் கிரிக்கெட்டில் ஹன்சி குரோனியே காலத்தில்தான் தெரியவந்த கலை, மதுரைச் சமவெளியில் 17-ஆம் நூற்றாண்டிலேயே நன்றாக நடந்திருக்கிறது. மறவர் படைக்குச் சந்தேகம் வந்தது. விசாரணைக் கமிஷன் எல்லாம் வைக்கவில்லை. தளபதியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு நேரே பாய்ந்தார்கள். மைசூர்ப் படை சிதறித் திண்டுக்கல் பக்கம் ஓடியது. பிறகு நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் வரை துரத்திப் போய்ப் பதிலுக்கு மூக்கறுத்தார். மைசூர் ராஜாவின் மூக்கே போய்விட்டது என்று மதுரைப் பக்கம் கதை சொல்வார்கள். மைசூர்ப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், வேறு கதை கிடைக்கும்.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு வந்த சேதுபதிக்குக் கிடைத்த சம்பளத்தைக் கேட்டால் ஐரோப்பியத் தரகர்கள் எச்சில் விழுங்குவார்கள். இனிக் கப்பம் கட்ட வேண்டாம். திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் மூன்றும் அவருக்கு. சிங்கமுகப் பல்லக்கு. 'ராணி சொல் காத்தான்' என்று பட்டம். கூடவே திருமலை என்ற ராஜாவின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை. மதுரை போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடிக்கொள்ள அனுமதி. ஆட்டக்காரரை முதலிலேயே மரியாதையாக வைத்திருந்தால் இதில் பாதிகூடச் செலவாகியிருக்காது. கடைசி நாளில் அவசரத்துக்கு வாங்கினால் விலை இப்படித்தான்.

1659-ல் நாயக்கர் காலமானார். கோயில் நிலவறையில் வைத்து மூடிவிட்டார்கள் என்றெல்லாம் கதை உண்டு. அதற்குள் போக வேண்டாம். கொஞ்ச மாதத்தில் பேரன் சொக்கநாத நாயக்கர் பொறுப்புக்கு வந்தார். 1665 வாக்கில் அவருக்குத் திருச்சிதான் சரி என்று தோன்றியது. போனவர் கைவீசிப் போகவில்லை. தாத்தா கட்டிய மகாலைப் பிரித்து, எடுத்துப்போக முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். தூணை வேறு கிளப் கூப்பிடாது என்றல்லவா தாத்தா நம்பினார்? கூப்பிட்டது. திருச்சி எஃப்.சி. கூப்பிட்டது. முழு மகாலில் கால்பங்குகூட இன்று இல்லை என்பார்கள். மகாலுக்கு வடக்கே, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைச் சந்தில், யாருக்கும் சம்பந்தமில்லாமல் பத்துக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. பத்துத்தூண் என்றே சந்துக்குப் பெயர். ஒரு பக்கம் நைட்டி தொங்கும், ஒரு பக்கம் பள்ளிச் சீருடை, தூணோரம் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் சாய்ந்திருக்கும். அங்கே ஜவுளி எடுக்கப் போகிறவர்களில் நிமிர்ந்து தூணின் தலையைப் பார்க்கிறவர் குறைவு.

அந்த விளக்குத்தூணே ஒரு தமாஷ். அரியநாதரின் 72 கொத்தளக் கோட்டையை 1840-களில் இடித்துத் தள்ளி, அகழியை மூடித் தெரு போட்டவர் கலெக்டர் பிளாக்பர்ன். இடித்ததற்கு நன்றியாக மதுரைக்காரர்கள் அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம்தான் விளக்குத்தூண். கட்டினவருக்குத் தழும்புக் கதை, இடித்தவருக்கு விளக்கு. மிச்ச மகாலும் விழுந்திருக்கும்; 1866-லிருந்து 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு புண்ணியத்தில் பழுது பார்க்கப்பட்டது. பிறகு 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. ஜாகீரும் தலையும் ஒரே நாளில் கைமாறிய இடத்தில் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒலி-ஒளிக் காட்சி. மணிரத்னம் 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலாவை அங்கே ஆடவிட்டார். அரங்கத்தில் நடந்த உருப்படியான ஆட்டம் என்று ரசிகர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

ஆட்டக்காரர்கள் போனார்கள், அரங்கத்தில் முக்கால் போனது. மிச்சமிருப்பது எது என்றால் நாயக்கர் அதிகம் செலவழிக்காமல் செய்த ஒன்று: ஆட்ட அட்டவணையை மாற்றியது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலம், தேரிழுக்க ஆள் இல்லை. அழகர் தனியாகச் சித்திரையில் கிளம்பிச் சோழவந்தான் பக்கம் தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். சைவ லீக் ஒன்று, வைணவ லீக் ஒன்று. இரண்டுக்கும் சுமாரான கூட்டம். நாயக்கர் கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளி, அழகரை மதுரை வைகைக்குத் திருப்பி, இரண்டு இறுதி ஆட்டங்களையும் ஒரே வாரத்தில் வைத்தார். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் ஏன் தாமதமாக வருகிறார் என்று கேட்பவர்களுக்கு ஒரு கோபக் கதையும் தயாரானது. இன்றைக்கும் தேர் சித்திரை மாதத்தில்தான் ஓடுகிறது, மாசி வீதியில். நாலு நூற்றாண்டு ஆகியும் தெருப் பலகையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற காலையில் பச்சைப் பட்டா, சிவப்புப் பட்டா என்று ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு வைகைக் கரையில் சேர்கிற லட்சக்கணக்கான கூட்டத்துக்கு எமிரேட்ஸ் அரங்கம் காணாது. அதில் உட்கார முடிவது 60,000 பேர்தான்.

மதுரைக்காரர்கள் இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டார்களா? அலங்காநல்லூர் பக்கத்தில் கீழக்கரையில் 62 கோடிச் சொச்சத்தில், சுமார் 5,000 பேர் உட்கார ஜல்லிக்கட்டு அரங்கம் கட்டி 2024 ஜனவரி 24-ல் திறந்தார்கள். பொங்கலுக்கு அலங்காநல்லூர் மாடு இன்னும் ஊருக்குள் இருக்கிற பழைய வாடிவாசலிலிருந்துதான் வருகிறது. அட்டவணையில் கைவைக்க விடமாட்டோம் என்று ஊர் நின்றுவிட்டது. கிரிக்கெட்டில் நேர் எதிர்க் கதை. 2018-ல் மதுரை பாந்தர்ஸ் டி.என்.பி.எல். கோப்பையை வென்றது, இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை 7 விக்கெட் வித்தியாசத்தில் அடித்து. அப்போது அந்த லீக்கின் ஆட்டம் ஒன்றுகூட மதுரையில் நடந்ததில்லை. மதுரை ரசிகன் லீக் பார்க்க வேண்டுமானால் நத்தத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. கோப்பை வாங்கி ஏழு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், சிந்தாமணியில் பெரிய கிரிக்கெட் அரங்கத்தைத் தோனி வந்து திறந்துவைத்தார். அரங்கம் வந்தாயிற்று. ஆட்டக்காரர்களை யாரும் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.